பைத்துல் முகத்தஸ்: உடைமை, உரிமை, ஆட்சி – ஒரு நோக்கு

முன்னுரை

ஒரு சமயத்தார் புனிதமெனப் போற்றும் நகரங்கள் உலகில் பலவுள. முஸ்லிம்களுக்கு மக்காவும் மதீனாவும், இந்துக்களுக்குக் காசியும், கத்தோலிக்கக் கிறித்தவர்களுக்கு உரோமையும் அத்தகையன. ஆயின், மூன்று பெருஞ்சமயத்தார் ஒருங்கே தம் உயிரினும் மேலாகக் கருதும் நகர் என்னும் சிறப்பு பைத்துல் முகத்தஸுக்கே உரியது எனலாம். அச்சிறப்பே அந்நகரின் துன்பத்திற்கும் காரணமாக அமைந்துவிட்டது.

'அந்நகர் யாருக்கு உரியது?' என்னும் வினா நம் வகுப்பறைகளிலும் பள்ளிவாசல் முற்றங்களிலும் அடிக்கடி எழுகின்றது. எழுப்புவோர் பலரும் விடையை முன்னரே முடிவு செய்துகொண்டு எழுப்புகின்றனர். விடையினும் வினாவே முதலில் ஆராயத்தக்கது என்பது நம் கருத்து. 'உரியது' என்னும் ஒரே சொல்லினுள் வேறு வேறான பொருள்கள் அடங்கியுள்ளன. அவற்றைப் பிரித்துக் காணாமையால் விளைந்த குழப்பம் சிறிதன்று. சொற்பொருளைப் பிரித்துக் காண்பது தமிழ் பயில்வோர்க்குப் பழகிய தொழில். அத்தொழிலைக் கொண்டு அந்நகரின் அரசியல் நிலையை ஒருவாறு விளங்கிக்கொள்ள இக்கட்டுரை முற்படுகிறது.

பெயர்களும் புனிதமும்

எபிரேய மொழியில் 'யெருஷலாயிம்' என்றும், அரபு மொழியில் 'அல்-குத்ஸ்' என்றும் அந்நகர் வழங்கப்படுகிறது. தமிழ் முஸ்லிம்கள் 'பைத்துல் முகத்தஸ்' என்பர். தமிழ்க் கிறித்தவர்கள் 'எருசலேம்' என்பர். செய்தித்தாள்கள் 'ஜெருசலேம்' என எழுதும். பெயர் பலவாயினும் ஊர் ஒன்றே.

தமிழ் இலக்கியத்திற்கும் அந்நகர் புதியதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் விண்ணேற்றப் பயணத்தைப் பாடும் ஆலிப் புலவரின் மிகுராசு மாலை 16ஆம் நூற்றாண்டில் எழுந்தது. சூதேய நாட்டையும் எருசலேம் நகரையும் வீரமாமுனிவர் தம் தேம்பாவணியில் 18ஆம் நூற்றாண்டில் பாடினார். ஒரு முஸ்லிம் புலவரும் ஒரு கிறித்தவப் புலவரும் தத்தம் நெறிநின்று போற்றிய மண்ணைத் தமிழ் மாணவர் அறிந்திருத்தல் முறையே.

யூதர்களுக்கு அந்நகர் அவர்தம் இரண்டு ஆலயங்களும் நின்ற இடம். இரண்டாம் ஆலயம் கி.பி. 70இல் உரோமரால் அழிக்கப்பட்டது. ஆலயம் நின்ற மேடையைத் தாங்கிய மேற்குச் சுவரின் முன்நின்று அவர்கள் இன்றும் வழிபடுகின்றனர். கிறித்தவர்களுக்கு அது இயேசுநாதர் சிலுவையில் அறையப்பட்டு உயிர்த்தெழுந்த இடம். அவர்தம் திருக்கல்லறைத் தேவாலயம் கி.பி. 335இல் அங்கு முதன்முதலில் திருநிலைப்படுத்தப்பட்டது. முஸ்லிம்களுக்கு அது முதல் கிப்லா. இஸ்ரா, மிஃராஜ் பயணத்தின் நிலைக்களன். மக்கா, மதீனாப் பள்ளிவாசல்களை அடுத்து, நாடிச் செல்லத்தக்க மூன்றாம் பள்ளிவாசல் அமைந்த இடம். கலீஃபா அப்துல் மலிக் கட்டிய பாறைக் குவிமாடம் (குப்பத்துஸ் ஸக்ரா) கி.பி. 691–92 முதல் அங்கு நிற்கின்றது.

இத்தனையும் அடங்கிய பழைய நகரின் பரப்பு ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவே. அதனைச் சூழ்ந்துள்ள மதிலை உதுமானியப் பேரரசர் சுலைமான் 16ஆம் நூற்றாண்டில் எழுப்பினார். திருக்கல்லறைத் தேவாலயத்திற்கும் ஹரம் ஷரீஃப் வளாகத்திற்கும் இடைப்பட்ட தொலைவு சில நூறு மீட்டர்களே. யூதர்கள் வழிபடும் மேற்குச் சுவரோ ஹரம் ஷரீஃப் வளாகத்தின் எல்லைச் சுவராகவே அமைந்துள்ளது. சுவரின் உட்புறம் ஒரு சமயத்தாரின் புனித வளாகம். வெளிப்புறம் மற்றொரு சமயத்தாரின் வழிபாட்டிடம். அளவுகோல் கொண்டு நிலத்தில் கோடு கிழித்துத் தீர்த்துவிடும் வழக்கு இதுவன்று என்பது இதனால் விளங்கும்.

மூன்று சொற்கள்

உடைமை, உரிமை, ஆட்சி என்னும் மூன்று சொற்களை ஈண்டு எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ப்புறத்து எடுத்துக்காட்டு ஒன்றால் இவற்றை விளக்கலாம். ஒருவருடைய தோப்பில் ஒரு கிணறு உள்ளது. தோப்பும் கிணறும் பட்டாவின்படி அவருடையன. இஃது உடைமை. அக்கிணற்றில் நீர் எடுக்க ஊரார்க்கு வழிவழியாக இடமுண்டு. தோப்புக்காரர் அதனைத் தடுத்தல் இயலாது. இஃது உரிமை. தோப்புக்கு வரி விதிப்பதும், நீர் எடுப்பதில் பூசல் எழுந்தால் தீர்ப்பதும் அரசின் வேலை. இஃது ஆட்சி. மூன்றும் ஒரே கிணற்றைப் பற்றியன. ஆயினும் மூன்றும் வேறு வேறு. நீர் எடுக்கும் உரிமையைக் காட்டித் தோப்பே தமது என ஊரார் கூறுதல் தவறு. வரி விதிப்பதைக் காட்டிக் கிணறு தன்னுடையது என அரசு கூறுதலும் தவறு. பட்டாவைக் காட்டி ஊராரைத் துரத்துதலும் அவ்வாறே தவறு.

பைத்துல் முகத்தஸின் வரலாற்றில் இம்மூன்றையும் பிரித்துப் போற்றிய காலங்களில் அமைதி நிலவிற்று. ஒன்றாக்கிக் குழப்பிய காலங்களில் குருதி சிந்திற்று. இதற்குச் சான்றுகள் சிலவற்றைக் காண்போம்.

வரலாறு தரும் சான்றுகள்

ஏறத்தாழ கி.பி. 638இல் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் அந்நகர் முஸ்லிம்களின் கைக்கு வந்தது. நகரை ஒப்படைத்தவர் கிறித்தவத் தலைமைக் குரு சொஃப்ரோனியஸ். கிறித்தவர்களின் உயிர், உடைமை, தேவாலயங்கள் ஆகியவற்றிற்குக் கலீஃபா பாதுகாப்பு அளித்தார் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தொழுகை நேரம் வந்தபோது திருக்கல்லறைத் தேவாலயத்தினுள் தொழ அவர் மறுத்தார் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் செய்தி. தாம் அங்குத் தொழுதால் பின்வருவோர் அதனையே காரணங்காட்டித் தேவாலயத்தைப் பள்ளிவாசலாக்கிக் கொள்வர் என அவர் அஞ்சினாராம். நகரின் ஆட்சி தம் கையில் இருந்தும் தேவாலயத்தின் உடைமையில் கைவைக்க அவர் விரும்பவில்லை என்பதே இச்செய்தியின் உட்பொருள். பைசாந்தியர் ஆட்சியில் நகரில் வாழத் தடுக்கப்பட்டிருந்த யூதர்களும் முஸ்லிம் ஆட்சியில் மீண்டும் குடியேறினர்.

1099இல் சிலுவைப் போர் வீரர்கள் நகரைக் கைப்பற்றியபோது முஸ்லிம்களும் யூதர்களும் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். பாறைக் குவிமாடம் தேவாலயமாக மாற்றப்பட்டது. ஆட்சி வந்தவுடன் உடைமையும் உரிமையும் அதனுடன் வந்துவிட்டதாகக் கொண்ட மனநிலைக்கு இது சான்று. 1187இல் சுல்தான் சலாஹுத்தீன் நகரை மீட்டபோது அத்தகைய படுகொலை நிகழவில்லை. மீட்புப் பணம் செலுத்தியோர் வெளியேற விடப்பட்டனர். திருக்கல்லறைத் தேவாலயம் இடிக்கப்படாது விடப்பட்டது. கிறித்தவப் பயணிகள் அங்கு வந்து வழிபடவும் பின்னர் இடமளிக்கப்பட்டது.

நாம் மிகுதியும் பேசாத உடன்படிக்கை ஒன்று 1229இல் நிகழ்ந்தது. சுல்தான் அல்-காமிலும் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கும் போரின்றிப் பேசி முடிவு கண்டனர். நகரின் ஆட்சி பத்தாண்டுகளுக்குக் கிறித்தவர் கையிலும், ஹரம் ஷரீஃப் வளாகம் முஸ்லிம்களின் பொறுப்பிலும் இருக்கும் என்பது அதன் சாரம். இரு தரப்பிலும் சொந்த மக்களே அவர்களைத் தூற்றினர். உடன்படிக்கை நெடுநாள் நிலைக்கவுமில்லை. ஆயினும், ஆட்சி ஒருவரிடமும் புனித இடம் மற்றொருவரிடமும் இருத்தல் கூடும் என்பதை எண்ணூறு ஆண்டுகட்கு முன்னரே மனிதர் எண்ணிப் பார்த்தனர் என்பதற்கு அது சான்றாக நிற்கின்றது.

உதுமானியர் ஆட்சியில் மற்றொரு வகைப் பூசல் எழுந்தது. திருக்கல்லறைத் தேவாலயத்தில் கிரேக்க மரபினர், கத்தோலிக்கர், ஆர்மீனியர், கோப்தியர், சிரியர், எத்தியோப்பியர் என ஆறு கிறித்தவப் பிரிவினர் உரிமை கொண்டாடினர். எந்தத் தூணுக்கு யார் பொறுப்பு, எந்தப் படியை யார் பெருக்குவது என்பவற்றிலும் சண்டை மூண்டது. 1757இலும் 1852இலும் சுல்தான்கள் ஆணை பிறப்பித்து, 'உள்ளது உள்ளவாறே இருக்க' என முடிவு செய்தனர். 'ஸ்டேட்டஸ் கோ' எனப்படும் இந்நிலைநிறுத்த ஏற்பாட்டினை 1878ஆம் ஆண்டுப் பெர்லின் உடன்படிக்கையும் ஏற்றது. அத்தேவாலய வாயிலின் மேலே சாளரத்தின்கீழ் ஒரு சிறிய மர ஏணி சாத்தப்பட்டுள்ளது. எவர் எடுத்தாலும் மற்றவர் உரிமையில் கைவைத்ததாகும் என்பதனால் தலைமுறை தலைமுறையாக அது அங்கேயே இருக்கின்றது. அத்தேவாலயத்தின் சாவியைக் காப்பதும் கதவைத் திறப்பதும் ஜவ்தா, நுசைபா என்னும் இரண்டு முஸ்லிம் குடும்பங்களின் வழிவழிக் கடமை. சாவி வைத்திருப்பதால் அவர்கள் தேவாலயத்திற்கு உடைமையாளராகிவிடவில்லை; தேவாலயம் தமது என்பதால் கிறித்தவர்கள் சாவியைப் பறிக்கவுமில்லை.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் மேற்குச் சுவர் பற்றிய பூசல் 1929இல் பெருங்கலவரமாக வெடித்தது. அதனை ஆராய அனைத்துலக ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. சுவரும் அதன் முன்னுள்ள நிலமும் முஸ்லிம்களின் வக்ஃபு உடைமை; எனினும் எக்காலத்தும் அங்குச் சென்று வழிபட யூதர்களுக்கு உரிமையுண்டு என அவ்வாணையம் 1930இல் முடிவு கூறிற்று. 1931இல் அது சட்டமாயிற்று. நாம் மேலே கூறிய தோப்பும் கிணறும் போன்ற தீர்ப்பே இது.

உலக மன்றத்தில்

1917 டிசம்பரில் ஆங்கிலப் படை நகரைக் கைப்பற்றியது. நானூறு ஆண்டு உதுமானிய ஆட்சி அத்துடன் முடிந்தது. 1922இல் நாட்டுக் கழகம் பாலஸ்தீனத்தை ஆங்கிலேயரின் பொறுப்பாட்சிக்கு உட்படுத்திற்று. அக்காலத்தில் இந்திய முஸ்லிம்களின் உள்ளம் அந்நகரோடு எத்துணைப் பிணைந்திருந்தது என்பதற்கு ஒரு சான்று கூறலாம். கிலாஃபத் இயக்கத் தலைவர் மௌலானா முஹம்மது அலி 1931 ஜனவரியில் இலண்டனில் காலமானார். அவருடைய உடல் நாடு திரும்பவில்லை. பைத்துல் முகத்தஸிலேயே நல்லடக்கம் செய்யப்பட்டது.

1947இல் ஐக்கிய நாடுகள் சபை பாலஸ்தீனம் பற்றி ஆராயப் பதினொரு நாடுகள் கொண்ட குழுவை அமைத்தது. இந்தியாவும் அதில் ஓர் உறுப்பினர். பெரும்பான்மை உறுப்பினர் நாட்டைப் பிரிக்கவும், நகரை அனைத்துலக ஆட்சியில் வைக்கவும் பரிந்துரைத்தனர். இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா ஆகிய மூன்றும் பிரிவினையை ஏற்காது, யூதரும் அரபியரும் சேர்ந்து வாழும் கூட்டாட்சியையும், அந்நகரே அதன் தலைநகராதலையும் பரிந்துரைத்தன. 1947 நவம்பர் 29இல் பொதுப்பேரவை 181ஆம் தீர்மானத்தை 33க்கு 13 என்னும் வாக்குகளால் நிறைவேற்றியது. 10 நாடுகள் வாக்களிக்கவில்லை. இந்தியா எதிர்த்து வாக்களித்தது.

அத்தீர்மானம் நகரைக் 'கார்ப்பஸ் செப்பரேட்டம்' என்றது. 'தனித்த உடல்' என்பது அவ்விலத்தீன் தொடரின் பொருள். யூத நாட்டிற்கும் அரபு நாட்டிற்கும் உட்படாது, பெத்லகேம் உள்ளிட்ட சுற்றுப்புறத்துடன் சேர்ந்து, அந்நகர் ஐக்கிய நாடுகள் சபையின் பொறுப்பில் இருத்தல் வேண்டும். பத்தாண்டு கழித்து மறு ஆய்வு செய்து, நகர மக்களின் கருத்தையும் கேட்டறிதல் வேண்டும் என்பது திட்டம். யூதத் தலைமை பிரிவினைத் தீர்மானத்தை ஏற்றது. அரபு நாடுகள் முழுவதையும் மறுத்தன. 1948இல் மூண்ட போர் அத்திட்டத்தை ஏட்டளவில் நிறுத்திவிட்டது. எனினும் அந்நகரின் மீதான ஆட்சியுரிமை இன்றுவரை உலக நாடுகளால் முழுமையாக எவர்க்கும் ஏற்கப்படாமைக்கு அத்தீர்மானம் ஒரு முதற்காரணம் என்பது மறத்தற்கில்லை.

பிரிந்த நகர்

1949 ஏப்ரலில் இஸ்ரேலும் ஜோர்தானும் செய்துகொண்ட போர்நிறுத்த உடன்படிக்கை நகரை இரண்டாக்கியது. மேற்குப் பகுதி இஸ்ரேலிடமும், பழைய நகர் உள்ளிட்ட கிழக்குப் பகுதி ஜோர்தானிடமும் இருந்தன. மேற்குப் பகுதியிலிருந்த அரபுக் குடும்பங்கள் வீடிழந்தன. பழைய நகரின் யூதக் குடியிருப்பிலிருந்த யூதர்கள் வெளியேற்றப்பட்டனர். இடையில் முள்வேலியும் மதிலும் எழுந்தன.

இங்கு ஒன்றை நாம் மறையாது கூறவேண்டும். அவ்வுடன்படிக்கையின் எட்டாம் பிரிவு புனித இடங்களுக்குத் தடையின்றிச் சென்றுவர வழிசெய்தல் பற்றிப் பேசிற்று. ஆயினும் 1967 வரையிலான பத்தொன்பது ஆண்டுகளில் இஸ்ரேலில் வாழ்ந்த யூதர்கள் மேற்குச் சுவரை அணுக இயலவில்லை. பழைய நகரின் தொழுகைக் கூடங்கள் பல இடிந்து கிடந்தன. ஒலிவ மலையிலுள்ள யூதக் கல்லறைகளும் சிதைக்கப்பட்டன. உமர் (ரலி) அவர்களின் நெறியைப் போற்றும் நாம் இதனை ஏற்றல் இயலாது. அல்-அக்ஸாவின் வாயிலில் ஒரு முஸ்லிம் தடுக்கப்படும்போது நாம் எந்த அளவுகோலை எடுக்கின்றோமோ, அதே அளவுகோலை இங்கும் எடுத்தல் வேண்டும். நடுவுநிலைமை என்பது பகைவர்க்கு மட்டும் ஓதும் பாடமன்று. நம் வழக்கு உண்மையானதாயின், இதனை ஒப்புக்கொள்வதால் அது வலுப்பெறுமேயன்றி மெலியாது.

1967க்குப் பின்

1967 ஜூன் போரில் இஸ்ரேல் கிழக்குப் பகுதியையும் கைப்பற்றிற்று. அடுத்த சில நாள்களில், மேற்குச் சுவரின் முன்னே அகன்ற வெளி ஒன்றை அமைக்கும் பொருட்டு, மக்ரிபியர் தெரு என்னும் பழைய குடியிருப்பு இடித்துத் தள்ளப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் வீடிழந்தனர். அதே மாத இறுதியில், கிழக்கு நகருடன் சுற்றியிருந்த ஊர்ப்பகுதிகளும் சேர்ந்த ஏறத்தாழ 70 சதுர கிலோமீட்டர் நிலத்திற்கு இஸ்ரேலியச் சட்டம் விரிவுபடுத்தப்பட்டது. அனைத்துச் சமயத்தாரும் தத்தம் புனித இடங்களுக்குச் செல்லலாம் எனவும் அப்போதே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஹரம் ஷரீஃபின் உள்நிருவாகம் வக்ஃபு வாரியத்திடமே விடப்பட்டது; முஸ்லிம் அல்லாதார் அங்கு வந்து பார்க்கலாம், வழிபாடு முஸ்லிம்களுக்கே என்பது நடைமுறையாயிற்று.

1969 ஆகஸ்டு 21இல் ஆஸ்திரேலியர் ஒருவர் அல்-அக்ஸாவுக்குத் தீ வைத்தார். சலாஹுத்தீன் காலத்திலிருந்து அங்கிருந்த மரத்தாலான மிம்பர் எரிந்து அழிந்தது. அந்நிகழ்வின் விளைவாகவே அடுத்த மாதம் ரபாத் நகரில் முஸ்லிம் நாடுகளின் தலைவர்கள் கூடினர். இஸ்லாமிய நாடுகளின் அமைப்பு தோன்றிற்று.

1980இல் இஸ்ரேல், 'முழுமையான, ஒன்றுபட்ட' நகரே தன் தலைநகர் என அடிப்படைச் சட்டம் இயற்றியது. பாதுகாப்புச் சபை அதே ஆண்டு ஆகஸ்டில் 478ஆம் தீர்மானத்தின்வழி அச்சட்டம் செல்லாது என்றது. பதினான்கு நாடுகள் ஆதரித்தன, அமெரிக்கா வாக்களிக்கவில்லை. அங்கிருந்த பதின்மூன்று நாட்டுத் தூதரகங்கள் வெளியேறின. 1993ஆம் ஆண்டு ஓஸ்லோ உடன்பாடு நகரின் நிலையை இறுதிப் பேச்சுக்கு ஒத்திவைத்தது. 1994இல் ஜோர்தானுடன் செய்த அமைதி ஒப்பந்தத்தில், முஸ்லிம் புனித இடங்களில் அந்நாட்டுக்குள்ள சிறப்புப் பொறுப்பை இஸ்ரேல் ஏற்றது. 2000 ஜூலையில் காம்ப் டேவிட் பேச்சு முறிந்ததற்கு ஹரம் ஷரீஃபின் ஆட்சியுரிமையும் ஒரு பெருங்காரணம். அதன் ஆட்சி எந்த நாட்டுக்குமன்றி இறைவனுக்கே எனக் கொள்ளலாம் என்னும் கருத்தும் அக்காலத்தில் முன்வைக்கப்பட்டது. ஆட்சி இறைவனுக்கே என்பது நம் நம்பிக்கை. ஆயினும் வாயிலில் காவல் நிற்பவர் யார், பூட்டைத் திறப்பவர் யார் என்னும் வினாக்கள் அதனால் தீர்வதில்லை.

2017 டிசம்பரில் அமெரிக்கா அந்நகரை இஸ்ரேலின் தலைநகராக ஏற்றது. 2018 மே மாதத்தில் தன் தூதரகத்தையும் அங்கு மாற்றிற்று. அம்முடிவை ஏற்காத தீர்மானத்திற்குப் பொதுப்பேரவையில் 128 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன, எதிர்த்தவை 9, வாக்களியாதவை 35. ஆதரித்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. 2024 ஜூலையில் அனைத்துலக நீதிமன்றம் தன் கருத்துரையில், கிழக்கு நகர் உள்ளிட்ட பாலஸ்தீன நிலத்தில் இஸ்ரேல் தொடர்ந்து இருத்தல் சட்டத்திற்குப் புறம்பானது என்றது. அதே ஆண்டில், ஹரம் வளாகத்தில் யூதர்களும் வழிபடலாம் என இஸ்ரேலிய அமைச்சர் ஒருவர் வெளிப்படையாகக் கூறினார். பழைய நடைமுறையில் மாற்றமில்லை என அந்நாட்டுப் பிரதமர் அலுவலகம் மறுமொழி தந்தது. அரைநூற்றாண்டாக ஒருவாறு நின்ற ஏற்பாடும் தேய்ந்து வருகிறதோ என்னும் அச்சம் இதனால் மிகுகின்றது.

நான்காவது சொல்

இதுகாறும் உடைமை, உரிமை, ஆட்சி என்னும் மூன்றையும் கண்டோம். நான்காவதாக ஒரு சொல் உண்டு. அந்நகரைப் பற்றிய சொற்பொழிவுகளில் மிகுதியும் மறக்கப்படுவதும் அதுவே. அச்சொல் 'குடி' என்பது. கோலையும் குடியையும் இணைத்தே எண்ணுவது தமிழ் மரபு. ஒருவன் கோல் செங்கோலா கொடுங்கோலா என்பதனை அவன் கட்டிய கோட்டையைக் கொண்டு நம் முன்னோர் அளக்கவில்லை. அவன் குடிகள் வாழ்ந்த வாழ்வைக் கொண்டே அளந்தனர்.

அந்நகரில் இன்று ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். ஐவரில் இருவர் பாலஸ்தீனர். கிழக்கு நகரின் பாலஸ்தீனருள் பெரும்பாலோர் எந்த நாட்டின் முழுக் குடிமக்களும் அல்லர். 1967க்குப் பின் அவர்களுக்கு இஸ்ரேல் அளித்தது 'நிலையான வசிப்பாளர்' என்னும் தகுதி மட்டுமே. அவர்கள் நகராட்சிக்கு வரி செலுத்துகின்றனர். நகராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தல் இயலாது. இஸ்ரேலியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழியுண்டு. ஆயினும் அவ்வாறு செய்தல் அந்த ஆட்சியை ஏற்பதாகும் என்பதனால் பெரும்பாலோர் விரும்புவதில்லை. கல்விக்கோ தொழிலுக்கோ சில ஆண்டுகள் வெளியில் தங்கினால், 'வாழ்வின் மையம்' அங்கில்லை எனக் கூறி அத்தகுதியையும் நீக்கிவிடலாம். 1967 முதல் 2016 முடிய இவ்வாறு தகுதி இழந்தோர் தொகை 14,500க்கும் மேல். பிறந்த ஊரில் விருந்தினர்போல் வாழ்வது எத்தகைய துன்பம் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

புனித இடத்திற்குச் செல்லும் உரிமையிலும் இம்முரண்பாடு காணப்படுகின்றது. கடல்கடந்த நாட்டினர் வானூர்தியில் வந்திறங்கி அந்நகரின் புனித இடங்களைக் கண்டு திரும்புகின்றனர். ஆனால் ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெத்லகேமில் வாழும் பாலஸ்தீனர், முஸ்லிமாயினும் கிறித்தவராயினும், பொதுவாக இராணுவத்தின் அனுமதிச் சீட்டு இன்றி அங்கு நுழைதல் இயலாது. 2002 முதல் எழுப்பப்பட்ட தடுப்புச் சுவரும் இடையில் நிற்கின்றது. அச்சுவரில் கிழக்கு நகர் உள்ளிட்ட பாலஸ்தீன நிலத்தில் கட்டப்பட்ட பகுதி சட்டத்திற்கு மாறானது என அனைத்துலக நீதிமன்றம் 2004இலேயே கருத்துரைத்தது.

யூதக் குடிகளின் அச்சத்தையும் ஈண்டு எண்ணுதல் வேண்டும். பேருந்துகளிலும் உணவகங்களிலும் குண்டு வெடித்து அந்நகரின் எளிய மக்கள் உயிரிழந்ததை உலகம் கண்டது. தம் முன்னோர் நின்று வழிபட்ட சுவர் மீண்டும் தமக்கு அடைக்கப்பட்டுவிடுமோ என அவர்கள் அஞ்சுவதற்கும் 1948–67 காலத்து நிகழ்வுகள் காரணமாயின. ஒரு குடியின் அச்சத்தைத் தீர்க்க மற்றொரு குடியின் வேரைப் பறித்தல் தீர்வாகாது. அஃது அச்சத்தை இருமடங்காக்கும் செயலாகும்.

எனவே, அந்நகரின் நிலையைப் பற்றி முன்வைக்கப்படும் எத்திட்டத்தையும் நாம் நான்கு வினாக்களால் அளந்து பார்க்கலாம். பள்ளிவாசல், தேவாலயம், யூதத் தொழுகையிடம் ஆகியவற்றின் உடைமை உள்ளவாறே காக்கப்படுகின்றதா? தொலைவில் உள்ளார்க்கும் அண்மையில் உள்ளார்க்கும் வழிபாட்டு உரிமை ஒரே அளவில் கிட்டுகின்றதா? ஆட்சி, ஒருவர் வலிமையால் எடுத்துக்கொண்டதாக அன்றி, இரு மக்களும் பேசி ஏற்றுக்கொண்டதாக உள்ளதா? அங்குப் பிறந்தவர் அச்சமின்றி அங்கேயே வாழ வழியுள்ளதா? இரண்டு நாடுகளுக்கும் அது தலைநகராதல், அனைத்துலக உறுதியுடன் கூடிய தனிச் சட்டம், ஒரே நகராட்சியின்கீழ் இரண்டு ஆட்சி எனத் திட்டங்கள் பல பேசப்பட்டுள்ளன. எந்தத் திட்டமாயினும் இந்நான்கனுள் ஒன்றில் தவறினால் அது நெடுநாள் நில்லாது என்பதே மேற்கண்ட வரலாறு தரும் முடிவாகும்.

முடிவுரை

பைத்துல் முகத்தஸில் சமயங்கள் சேர்ந்து வாழ இயலாது என்பாரின் கூற்றை அந்நகரின் வரலாறே மறுக்கின்றது. முஸ்லிம் குடும்பத்தார் தேவாலயத்தின் கதவைத் திறக்கின்றனர். ஆறு பிரிவினர் ஒரு கூரையின்கீழ் வழிபடுகின்றனர். ஒரே சுவரின் இருபுறமும் இறைவன் பெயர் ஒலிக்கின்றது. உடைமை பற்றியும் வழிபாட்டு உரிமை பற்றியும் மனிதர் பலகால் உடன்பாடு கண்டுள்ளனர். தீராது நிற்பது ஆட்சி பற்றிய வழக்கு. குடிகளை மறந்து அவ்வழக்கைத் தீர்க்க முயன்ற ஒவ்வொரு முறையும் அது மேலும் முற்றியது.

நம் மாணவர்களுக்கு நாம் கூற விழைவது இதுவே. அந்நகரின்மேல் நமக்குள்ள பற்று ஈமானைச் சார்ந்தது. அதனை எவரும் குறைத்தல் இயலாது. ஆயினும் பற்று மட்டும் நீதியாகிவிடாது. 181, 478 போன்ற எண்களையும், 1949, 1967, 1980 போன்ற ஆண்டுகளையும் மாணவர்கள் முறையாகக் கற்றல் வேண்டும். நமக்கு உவப்பானவற்றைப் போலவே உவப்பில்லாதனவற்றையும் கற்றல் வேண்டும். மேடையில் அந்நகரின் பெயரை உரத்துச் சொல்வோர், அதன் தெருவில் வாழும் ஒரு சிறுவனுக்கு நாளை அங்கேயே வாழும் உரிமை உண்டா என்பதனையும் வினவுதல் வேண்டும். தேவாலயத்தினுள் தொழாது வெளியே வந்த கலீஃபா தமக்குப் பின் வாழவிருந்த மக்களை எண்ணினார். நாமும் அவ்வாறு எண்ணுவோமாயின் அந்நகர்க்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.